கார் பின்னால் டிரெய்லர்: சுங்கை சிப்புட்டில் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் வீட்டில் கல்யாணச் சமையல் தொழில். அண்டா, அடுப்பு, கேஸ் தோங் (சிலிண்டர்), மடக்கு மேசை எல்லாவற்றையும் எட்டடி டிரெய்லர் ஒன்றில் ஏற்றி, எம்பிவி காரின் பின்னால் மாட்டிக்கொண்டு கோலகங்சாருக்கும் ஈப்போவுக்கும் போய் வருகிறேன். எண்ணெய் ஊற்ற நிறுத்தினால் போதும், யாராவது ஒருவர் வந்து டிரெய்லரைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்பார். கேட்டவர்கள் எல்லாருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். டிரெய்லர் என்றதும் கிள்ளான் துறைமுகத்துக் கன்டெய்னர் லாரியை நினைக்க வேண்டாம். நான் சொல்வது இரண்டு சக்கரம் வைத்த சின்ன வண்டி.

அண்ணே, என் கார் 1.5 எஞ்சின்தான். இழுக்குமா?

இழுக்கும். எந்தக் காரும் கொஞ்சம் உறுமிக்கொண்டு எதையாவது இழுத்துவிடும். அதே பாரத்தை அதனால் நிறுத்த முடியுமா, வளைவில் பிடித்து வைக்க முடியுமா என்று கேளுங்கள். கிளவ் பாக்ஸில் பிரிக்காமலே கிடக்கிறதே ஒரு புத்தகம், அதில் இழுவை எடை என்று தேடுங்கள். பெரும்பாலும் இரண்டு எண் இருக்கும்: பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஒன்று, பிரேக் இல்லாததற்கு அதைவிடக் குறைவாக இன்னொன்று. சில சின்னக் கார்களின் புத்தகத்தில் 'டிரெய்லர் இழுக்க ஏற்றதல்ல' என்றே போட்டிருக்கும். அப்படிப் போட்டிருந்தால் பேச்சு அதோடு முடிந்தது. பட்டறைக்காரர் டவ் பார் (டிரெய்லரை மாட்ட காரின் பின்னால் வைக்கும் இரும்புச் சட்டம்) அடித்துக் கொடுக்கிறேன் என்பார். அவர் அடித்துக் கொடுத்ததால் காரின் பிரேக் பெரிதாகிவிடாது.

பிரிட்டனில் கேரவன் இழுப்பவர்கள் புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள்: சுமையோடு சேர்த்து டிரெய்லரின் எடை, வெறும் காரின் எடையில் 85 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கார் 1,500 கிலோ என்றால் 1,275 கிலோ. காரின் புத்தகம் அதைவிடக் குறைவாகச் சொன்னால் புத்தகம் சொல்வதுதான் கணக்கு. நான் 700 கிலோவைத் தாண்டுவதில்லை.

இன்னொன்று, டிரெய்லரின் மூக்கு, அதாவது காரில் மாட்டும் முன்முனை, காரின் பின்புறத்தை அழுத்தும் எடையும் கார் சுமக்கும் எடைதான். ஏழு பேரை உள்ளே உட்காரவைத்துவிட்டுப் பின்னால் டிரெய்லரையும் மாட்டினால், கார் வால் தாழ்ந்து, முன்விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். முன்சக்கரத்துக்கும் பிடிப்பு குறையும்.

பட்டறையில் சொந்தமாக வெல்டிங் செய்த டிரெய்லர். எஸ்டேட்டுக்குள்ளே மட்டும் ஓட்டினால் சட்டம் கேட்காதுதானே?

கேட்கும். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் 'சாலை' என்றால் அரசாங்கச் சாலை மட்டுமில்லை, பொதுமக்கள் போய்வரும் எந்தச் சாலையும் சாலைதான். லயத்து வீடுகளுக்கும் கோயிலுக்கும் ஊரே போய்வரும் செம்மண் ரோட்டை 'நம்ம எஸ்டேட்டு ரோடு' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

டிரெய்லர் வாங்கும் முன்னாலேயே அதன் படத்தையும் அளவையும் எடுத்துக்கொண்டு ஜே.பி.ஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) கவுண்டருக்குப் போங்கள். டவ் பார், டிரெய்லர் பதிவு, உங்கள் லைசன்ஸ் வகுப்பு, மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பிறகு காப்புறுதிக்காரரிடம் 'நான் டிரெய்லர் இழுக்கிறேன்' என்று எழுதிக் கொடுத்து, அதற்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். வாங்கியபின் ஓடினவர்களை எனக்குத் தெரியும். டிரெய்லர் இன்றைக்கும் வீட்டுக் கொல்லையில் கோழிக்கூண்டாக நிற்கிறது.

சாமான் எவ்வளவு எடை என்று எப்படித் தெரியும்?

கண்ணால் பார்த்துச் சொல்லும் எடை எப்போதும் குறைவாகத்தான் வரும். 'வெறும் தண்ணி டேங்கிதானே' என்று 1,000 லிட்டர் டேங்கியை நிரப்பி ஏற்றச் சொன்னார் ஒருவர். 1,000 லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு டன், டேங்கி தனி. அதைப் பாதி நிரப்பினால் இன்னும் வம்பு, பிரேக் போடும்போது தண்ணீர் முன்னே ஓடி, கியர் போட்டால் பின்னே ஓடும். தண்ணீரைப் போகிற இடத்தில் பிடித்துக்கொள்ளலாம். 14 கிலோ கேஸ் தோங் என்றால் 14 கிலோ உள்ளே இருக்கும் கேஸ் மட்டுமே. இரும்பின் எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஊர்ப் பக்கம் எடை போடுவது ஒன்றும் கஷ்டமில்லை. செம்பனை ஆலை எதிலும் லாரி எடை போடும் பாலம் உண்டு, பழைய இரும்புக் கடைகளிலும் உண்டு. கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, ஒரு பொட்டலம் பலகாரத்தோடு போய்க் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. ஒருமுறை காலி டிரெய்லரை, ஒருமுறை முழுச் சுமையோடு. இரண்டு எண்ணையும் டிரெய்லரின் பக்கப் பலகையில் பெயிண்டால் எழுதிவிட்டேன்.

சாமானை எங்கே வைப்பது? முன்னேயா, பின்னேயா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது இதுதான்.

ஈப்போவில் ஒரு கல்யாணம் முடிந்து ராத்திரி பதினொன்றரைக்குத் திரும்புகிறேன். பையன்கள் களைத்துப் போய், இரும்பு மடக்கு மேசைகளைக் கதவோரமாகவே, அதாவது டிரெய்லரின் வாலில், அடுக்கிவிட்டார்கள். முன்பக்கம் காலிப் பாத்திரம். நானும் களைப்பில் பார்க்கவில்லை. பழைய சாலையில், செம்மோர் தாண்டி 90-இல் வந்தபோது ஒரு விரைவுப் பேருந்து என்னை முந்தியது. கண்ணாடியில் டிரெய்லரின் இடது விளக்கு தெரிந்தது, உடனே வலது விளக்கு, மறுபடி இடது. நாய் வாலாட்டுகிற மாதிரி. பயத்தில் பிரேக்கை மிதித்தேன், ஆட்டம் இரண்டு மடங்கானது. காலை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கார் புல்லில் இறங்கி நின்றது. ஒரு மேசை மட்டும் ரோட்டில் கிடந்தது. எதிரே யாரும் வரவில்லை.

காரணம் எளிது. டிரெய்லர் தன் சக்கரத்தை நடுவாக வைத்துச் சுழலும். பாரம் வாலில் இருந்தால் மூக்கு லேசாகி, வால் காரை ஆட்டிவைக்கும். பாரம் சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தால் மூக்கு காரின் மேல் அழுத்தி உட்காரும், ஆட்டம் தானாகவே அடங்கும். ஆகவே கனமான சாமான் கீழே, சக்கர அச்சின் மேலேயும் சற்று முன்னேயும். மொத்தத்தில் பத்துக்கு ஆறு பங்கு அச்சுக்கு முன்னால், நாலு பங்கு பின்னால். முழுவதையும் மூக்கில் குவிப்பதும் தப்பு. அப்போது காரின் வால் தாழும்.

மூக்கு எடையை அளக்க வீட்டுத் தராசு போதும். தரை மட்டமாக இருக்க வேண்டும். சுமையேற்றிய டிரெய்லரின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வையுங்கள். தராசின் மேல் ஒரு கட்டையை நிறுத்தி, காரில் மாட்டும்போது மூக்கு எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்தில் அதன் மேல் உட்கார வையுங்கள். தராசில் வரும் எண்தான் மூக்கு எடை. அமெரிக்காவில் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு என்பார்கள். ஐரோப்பாவின் சின்னக் கார்களுக்கு 5 முதல் 7. நான் 600 கிலோ ஏற்றினால் 45-இலிருந்து 60 கிலோவுக்குள் வைத்துக்கொள்வேன். டவ் பாரில் ஒரு தகடு இருக்கும், மூக்கு எடையின் உச்சவரம்பை அதில் பொறித்திருப்பார்கள். அதைத் தாண்டவே கூடாது. என் மனைவியின் தராசை இதற்கு எடுத்துப் போய், கிரீஸ் பட்டுத் திரும்பி வந்தது தனிக்கதை.

ஆட ஆரம்பித்துவிட்டால்?

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள். இந்தப் பக்கம் ஆடினால் அந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று கை துடிக்கும், திருப்பாதீர்கள். பிரேக்கை அழுத்தி மிதிக்காதீர்கள். 'கொஞ்சம் எண்ணெய் கொடுத்து வேகமெடுத்தால் நேராகும்' என்று கடைத்தெருவில் சொல்வார்கள். அந்த வேகத்தில்தானே ஆட்டமே வந்தது? வேகம் குறைந்ததும் ஓரத்தில் நிறுத்தி, இறங்கிப் பாரத்தை மாற்றி அடுக்குங்கள். மாற்றாமல் மெதுவாகப் போய்விடலாம் என்று கிளம்பினால், அடுத்த பேருந்து முந்தும்போது அதே கதைதான்.

எவ்வளவு வேகம்?

நெடுஞ்சாலையில் 110, கூட்டரசுச் சாலையில் 90 என்பது காருக்கான எல்லை. டிரெய்லரோடு நான் எங்கேயும் 80-ஐத் தாண்டுவதில்லை. 80-இலிருந்து 100-க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது, ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி 56 விழுக்காடு கூடுகிறது. முன்னே போகும் வண்டிக்கும் உங்களுக்கும் நாலு வினாடி இடைவெளி விடுங்கள், மழையென்றால் இன்னும் அதிகம். அந்த இடைவெளியில் மோட்டார்சைக்கிளும் காஞ்சில் மாதிரி சின்னக் காரும் வந்து புகும். புகட்டும், மறுபடி பின்வாங்குங்கள்.

டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டுமா?

ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 750 கிலோவைத் தாண்டினால் தனி பிரேக் கட்டாயம். அந்த எண்ணை மனதில் வையுங்கள். சின்ன டிரெய்லர்களில் பெரும்பாலும் தள்ளு பிரேக்தான் இருக்கும்: கார் வேகம் குறைந்ததும் டிரெய்லர் முன்னே தள்ளும், மூக்கிலுள்ள தண்டு உள்ளே போய்க் கம்பியை இழுத்து டிரெய்லர் பிரேக்கைப் பிடிக்கும். கரண்ட் வேண்டாம், ஒயர் வேண்டாம். சில பழைய டிரெய்லர்களில் ரிவர்ஸ் போனாலும் அது பிடித்துக்கொள்ளும். அதைத் தடுக்க மூக்கில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும்.

இறக்கம்தான் பெரிய சோதனை. மெனோரா சுரங்கம் தாண்டி ஜெலாப்பாங் பக்கம் இறங்கும் நெடுஞ்சாலையில் லாரிகள் கவிழ்ந்த செய்தி நமக்குப் புதிதில்லை. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் போகும் வளைவுகளும் அப்படித்தான். இறங்கத் தொடங்கும் முன்னாலேயே கியரைக் குறையுங்கள். ஆட்டோ காரில் எல் (L) அல்லது பி (B) என்று போட்டிருக்கும் இடம் அதற்குத்தான். எஞ்சின் பிடிக்கட்டும். பிரேக்கை இடையிடையே விட்டு மிதியுங்கள், ஒரேயடியாகக் காலை வைத்துக்கொண்டே இறங்கினால் சூடேறி, ஒரு கட்டத்தில் மிதித்தும் பிடிக்காது. கருகின வாடை வந்தால் ஓய்விடத்தில் நிறுத்திவிட்டு ஒரு தே தாரிக் குடியுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூட்டில் டிஸ்க் கோணிக்கொள்ளும்.

கொக்கி சரியாக மாட்டியதா என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் அளவு. காரின் டவ் பாரில் இருக்கும் இரும்புக் குண்டு பொதுவாக 50 மில்லிமீட்டர். அமெரிக்க அளவில் ஒன்றேமுக்கால் அங்குலத்துக்குச் சற்று மேலே, 47.6 மில்லிமீட்டரில் ஒன்று உண்டு. டிரெய்லர் மூக்கில் குண்டைக் கவ்வும் தலை 50-க்கானதாக இருந்து, அதை இதன் மேல் மாட்டினால் பூட்டிய மாதிரியே இருக்கும், ஒரு பள்ளத்தில் குதித்ததும் கழன்றுவிடும். எனக்கு ஒரு பட்டறையில் அப்படித்தான் மாட்டிக் கொடுத்தார்கள். வீட்டு வாசலில் ஆட்டிப் பார்த்தபோது கடகடவென்று சத்தம் கேட்டதால் தப்பித்தேன். குண்டின் மேலேயே அளவு பொறித்திருக்கும், படித்துப் பாருங்கள்.

மாட்டிப் பூட்டியபின் மூக்குச் சக்கரத்தை (நிறுத்தும்போது மூக்கைத் தாங்கும் சின்னச் சக்கரம்) கீழே சுற்றி இறக்குங்கள். தரையில் பட்டபின்னும் சுற்றினால் காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்ப வேண்டும். எழும்பினால் பூட்டியிருக்கிறது. மூக்கு மட்டும் தனியே எழும்பினால் பூட்டவில்லை. பார்த்ததும் சக்கரத்தை மேலே சுற்றிக் கட்ட மறக்காதீர்கள்.

சங்கிலி இரண்டு. இடதுபுறச் சங்கிலியை வலதுபுறமும் வலதை இடதுபுறமும், மூக்குக்கு அடியில் பெருக்கல் குறி போல மாட்டுங்கள். கொக்கி கழன்றாலும் மூக்கு ரோட்டில் குத்தாமல் அந்தத் தொட்டிலில் விழும். வளைவுக்கு இடம் கொடுக்கும் நீளம் வேண்டும், தரையில் உரசக் கூடாது.

விளக்கு பைத்தியம் பிடித்த மாதிரி எரிகிறது. இடது சிக்னல் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து மின்னுகிறது!

பேய் இல்லை, எர்த் ஒயர். பத்துக்கு எட்டு முறை துருப்பிடித்த எர்த்தான் காரணம். ஐரோப்பிய முறை ஏழு முள் பிளக்கில் வெள்ளை எர்த், மஞ்சள் இடது சிக்னல், பச்சை வலது சிக்னல், சிவப்பு பிரேக், கறுப்பும் பழுப்பும் இடது வலது வால்விளக்கு, நீலம் பின்புற மூடுபனி விளக்கு. வெள்ளை ஒயர் சேஸிஸில் திருகிய இடத்தை மணல்தாளால் பளபளவென்று தேய்த்து, திரும்ப இறுக்குங்கள். நம்ம மழைக்கு அந்த இடத்தில் கொஞ்சம் கிரீஸ் பூசி வைப்பது நல்லது. புதுக் கார்களில் வால்விளக்கு ஒயரை வெட்டி நேராக ஒட்டாதீர்கள். காரின் கம்ப்யூட்டர் அந்தக் கூடுதல் கரண்டைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ளும். அதற்கென்று தனிப் பெட்டி விற்கிறார்கள்.

டயர் புதுசு மாதிரிதான் இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை, வெயிலில் நின்று சாகிறது. பக்கச்சுவரில் நாலு இலக்க எண் ஒன்றிருக்கும். 3518 என்றால் 2018ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் செய்தது. பட்டை ஆழமாக இருந்தாலும், சுவரில் பொடிப்பொடியாக வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஸ்பேர் டயர் இருக்கிறதா, காரின் நட்டுத் திருகி டிரெய்லர் நட்டுக்குப் பொருந்துகிறதா? இரண்டாவது கேள்வி எனக்கு ராத்திரி ஒரு மணிக்கு, மழையில்தான் தோன்றியது.

கிளம்பி இருபது நிமிடத்தில் ஒருமுறை நிறுத்தி, சக்கர நடுவில் புறங்கையை மெதுவாகக் கிட்டே கொண்டுபோங்கள். வெதுவெதுப்பு சரி. கையை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் போகப்போகிறது.

ரிவர்ஸ் போகவே வரமாட்டேங்குது.

கையை ஸ்டீயரிங்கின் அடியில், ஆறு மணி இருக்கும் இடத்தில் வையுங்கள். டிரெய்லரின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள், கொஞ்சமாக. டிரெய்லர் மடங்கத் தொடங்கினால் அடம்பிடிக்காமல் முன்னே வந்து நேராக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை காலியான திடலில் இரண்டு பழைய வாளியை வைத்துப் பழகுங்கள். மாமனார் வீட்டு வாசலில் பழகாதீர்கள்.

ஆள் ஏற்றலாமா?

கூடாது. எங்கள் அம்மா தலைமுறை டிராக்டர் டிரெய்லரில் நின்றுகொண்டுதான் பால்வெட்டுக்குப் போனது, அதைச் சொல்லித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். அந்த டிராக்டர் ஓடின வேகம் என்ன, நீங்கள் ஓடப்போகும் வேகம் என்ன?

முனியாண்டி கோயிலுக்குக் கிடா?

ஏற்றலாம், ஆனால் கிடா நிற்கும் இடத்தில் நிற்காது. நாலு கிடாவும் பயந்து வாலுக்கு ஓடினால் மூக்கு லேசாகிவிடும், செம்மோர்க் கதைதான். அச்சுக்கு மேலே குறுக்குப் பலகை அடித்து, பின்னே போகவிடாமல் தடுத்து வையுங்கள். காற்றோட்டமும் நிழலும் வேண்டும்.

உங்கள் டிரெய்லரை ஒருநாள் வாடகைக்குத் தருவீர்களா? எத்தனை வெள்ளி?

தரமாட்டேன். பதிவு என் பெயரில், காப்புறுதி என் காருக்குச் சொன்னது, உங்கள் டவ் பார் குண்டு என்ன அளவென்று உங்களுக்கே தெரியாது. தராசு வேண்டுமானால் ஞாயிறு காலை பத்துக்கு மேல் வாருங்கள், வீட்டில் கேட்டுவிட்டுத் தருகிறேன். கிரீஸ் படாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும்.